யூரிக் அமிலம்: பருப்பைக் கைவிடுவதற்கு முன்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘யூரிக் அமிலம் 7.8’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. அவ்வளவுதான், அன்றைக்கே பருப்புக்குத் தடை, கீரைக்குத் தடை, பட்டாணிக்கும் காளானுக்கும் தடை. மாலையில் வழக்கமாகக் குடிக்கும் குளிர்பானம் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் தொடரும். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள்தான் அதில் இல்லையே!

இந்தத் தலைகீழ்ப் பத்தியத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன். யூரிக் அமிலத்தை உணவாலும் பழக்கத்தாலும் குறைக்க முடியும், ஓரளவுக்கு. எதனால் குறையும், எதனால் குறையாது என்பது, அது உடலில் எப்படி உண்டாகி எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்தால் தானாகவே விளங்கிவிடும்.

வருவதும் போவதும்

பியூரின் என்பது ஏதோ இறைச்சியில் மட்டும் ஒளிந்திருக்கும் நஞ்சு அல்ல. நம் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கிறது. டிஎன்ஏவில் இடம்பெறும் அடினின், குவானின் இரண்டும் பியூரின்களே. செல்கள் ஆற்றலுக்காகப் பயன்படுத்தும் ஏடிபி என்ற மூலக்கூறிலும் அடினின் உண்டு. பழைய செல்கள் அழிந்து புதியவை உருவாகும்போதும், நாம் உண்ட உணவு செரிக்கும்போதும் இந்தப் பியூரின்கள் உடைகின்றன. கடைசிக் கட்டத்தில் சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி அவற்றை யூரிக் அமிலமாக மாற்றுகிறது. இப்படி உருவாவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலின் சொந்தத் தயாரிப்பு; உணவின் பங்கு மூன்றில் ஒன்றுதான். ஒருவர் பியூரினை அடியோடு ஒதுக்கினாலும் யூரிக் அமிலம் ஏன் பாதியாகக்கூடக் குறைவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் உடலில் யூரிகேஸ் என்ற இன்னொரு நொதி இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை மேலும் உடைத்து, நீரில் எளிதாகக் கரையும் அலன்டோயினாக மாற்றிவிடும். மனிதனும் மனிதக் குரங்குகளும் பரிணாமப் பாதையில் எங்கோ அந்த நொதியை இழந்துவிட்டன. மரபணு இன்னும் இருக்கிறது, வேலை செய்வதில்லை. அதனால் நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் மற்ற பாலூட்டிகளைவிடப் பல மடங்கு அதிகம். இந்த அமிலத்தை 1776இல் முதன்முதலாகக் கண்டறிந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அதைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? மனிதச் சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து.

இனி, வெளியேறும் வழி. மூன்றில் இரண்டு பங்கு சிறுநீர் வழியாகவும் மீதி குடல் வழியாகவும் போகிறது. சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வடிகட்டியதும் அப்படியே வெளியே தள்ளிவிடுவதில்லை; வடிகட்டியதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. யூரிக் அமிலம் அதிகமாக உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிக்கல் இங்கேதான். அவர்கள் உடல் அதிகமாக உண்டாக்குவதில்லை. போதிய அளவு வெளியேற்றுவதில்லை. ஆகவே ‘எதைச் சாப்பிட்டேன்’ என்பது பாதிக் கேள்விதான். ‘சிறுநீரகத்தின் கையைக் கட்டிப்போடுவது எது’ என்பது மறுபாதி. நம் பத்தியப் பட்டியல்கள் எல்லாம் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

6.8 என்ற எல்லை

ஒரு குவளை நீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும். நீர் குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம் தங்கும். யூரிக் அமிலத்தின் கதையும் இதுதான். உடலின் வழக்கமான வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் வரை அது கரைந்திருக்கும். அதைத் தாண்டினால் சோடியம் யூரேட் என்ற உப்பாக, ஊசி முனை போன்ற படிகங்களாகப் படியத் தொடங்கலாம். கால் பெருவிரலின் அடி மூட்டு உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தது. நாள் முழுக்க அடிபடுவதும் அது. படிகங்கள் அங்கே குடியேறுவதில் வியப்பில்லை.

படிகங்கள் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கலாம். ஒருநாள் வெள்ளணுக்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கத் தொடங்கும். அப்போது வருவதுதான் கௌட் எனப்படும் மூட்டு அழற்சி. பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ விரல் சிவந்து, வீங்கி, போர்வை உரசினால்கூடத் தாங்க முடியாத வலி. உடல் சற்றுக் குளிர்ந்து, நீர்ச்சத்தும் குறைந்திருக்கும் நேரம் அது. நுண்ணோக்கிப் புகழ் லேவன்ஹூக் 1679இலேயே ஒரு கௌட் கட்டியிலிருந்து எடுத்த பொருளில் இந்த ஊசிகளைப் பார்த்துவிட்டார். ஆனால் அவை என்னவென்று அவருக்குத் தெரியாது. மூட்டு நீரில் இருக்கும் அவை யூரேட் படிகங்கள்தான் என்று உறுதியானது 1961இல்தான்.

அறிக்கையில் 7.8 என்று இருந்தால் கௌட் வந்துவிட்டது என்று பொருளா? இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். யூரிக் அமிலம் அதிகமாக உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கௌட் வருவதில்லை. ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஓர் ஆய்வில், 7க்கும் 9க்கும் இடையே அளவு இருந்தவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குத்தான் கௌட் வந்தது. 9ஐத் தாண்டியவர்களிலோ ஆண்டுக்கு நூறில் ஐந்து பேருக்கு. அறிகுறி ஒன்றுமே இல்லாதபோது வெறும் எண்ணைப் பார்த்து மாத்திரை தேவையில்லை என்பதே இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் மருத்துவ நிலைப்பாடு. எண்ணை அலட்சியப்படுத்தலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. உயர்ந்த யூரிக் அமிலம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. வயிற்றுப் பருமன், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரகக் குறைபாடு இவற்றில் ஏதோ ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. அந்த எண்ணைக் கண்டதும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரு காவல். அது யூரிக் அமிலத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு உதவுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் காவல் விலகும், அளவும் ஏறும். பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கிய குறிப்புகளிலேயே, மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணுக்குக் கௌட் வராது என்று எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் கைவைக்க வேண்டியது இனிப்புப் பானத்தில்

ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அதில் பியூரின் துளியும் இல்லை. ஆனால் கல்லீரல் அதைக் கையாளும் அவசரத்தில் ஏடிபியை வேகமாகச் செலவழித்துவிடுகிறது. செலவழிந்த ஏடிபியின் மிச்சம் உடைந்து உடைந்து யூரிக் அமிலத்தில் போய் முடிகிறது. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் அளவு ஏறுவதைப் பார்க்க முடியும். நாம் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ்தான். தேனிலும் அது நிறைய உண்டு. ‘இயற்கை இனிப்பு’ என்பதால் கல்லீரல் சலுகை காட்டாது.

2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சர்க்கரை கலந்த குளிர்பானத்தை நாளுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ குடித்த ஆண்களுக்கு, மாதம் ஒருமுறைகூடக் குடிக்காதவர்களைவிடக் கௌட் வரும் வாய்ப்பு 85 சதவீதம் அதிகம். சர்க்கரை சேர்க்காத செயற்கை இனிப்புப் பானங்களில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. பழச்சாற்றில் தென்பட்டது. நாலைந்து பழங்களின் சர்க்கரையை நார் இல்லாமல் ஒரே மூச்சில் விழுங்குவதுதானே பழச்சாறு! பழத்தை மென்று தின்பது வேறு. அதைக் கைவிடத் தேவையில்லை.

அடுத்தது மது. அதிலும் பியர். மது உடைபடும்போது லாக்டேட் என்ற பொருள் கூடுகிறது. அது இருக்கும்வரை சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றத் தயங்குகிறது. உடலின் நீர்ச்சத்தையும் மது குறைக்கிறது. பியரிலோ இவை போதாதென்று ஈஸ்டிலிருந்தும் தானியத்திலிருந்தும் வந்த பியூரினும் இருக்கிறது. வரவும் கூடி, போக்கும் அடைபடுகிறது. அளவாகக் குடித்த ஒயினுக்கும் கௌட்டுக்கும் நீண்டகால ஆய்வில் தொடர்பு தெரியவில்லை என்பதைச் சிலர் ஆர்வத்தோடு நினைவூட்டுவார்கள். ஏற்கெனவே கௌட் உள்ளவருக்கு அந்த ஆறுதல் செல்லாது. எந்த மதுவும் அடுத்த வலியைக் கிளப்பிவிடலாம்.

இறைச்சிக்கு மூன்றாவது இடம்தான் கொடுப்பேன். ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உள்ளுறுப்புகள் பியூரின் களஞ்சியங்கள், அவற்றை விட்டுவிடலாம். நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களிலும் பியூரின் அதிகம். மற்ற இறைச்சியையும் மீனையும் முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. அளவையும் அடிக்கடி உண்பதையும் குறைத்தால் போதும். பியூரின் நீரில் கரையும் என்பதால், வேகவைக்கும்போது அதில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. இறைச்சியைத் தவிர்த்துவிட்டு அதன் சூப்பை ஆசையாகக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் பருப்பு? கீரை? பட்டாணி, காலிஃபிளவர், காளான்? இவற்றில் பியூரின் இருப்பது உண்மை. அட்டவணையைப் பார்த்துப் பட்டியல் போட்ட காலத்தில் இவையும் அதில் ஏறிக்கொண்டன. பிறகு இறங்கவே இல்லை. ஏறத்தாழ 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கௌட் கூடியது. பியூரின் மிகுந்த காய்கறிகளை அதிகம் உண்டவர்களுக்குக் கூடவில்லை. இறைச்சியைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பருப்பையும் பிடுங்கிக்கொண்டால், புரதத்துக்கு அந்த மனிதர் எங்கே போவார்?

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: கொழுப்புக் குறைந்த பாலும் தயிரும் உண்டவர்களுக்குக் கௌட் குறைவு. பாலில் உள்ள புரதங்கள் யூரிக் அமிலம் வெளியேற உதவுகின்றன. காபி குடிப்பவர்களிடமும் அளவு குறைவாகவே காணப்படுகிறது. அதற்காகப் பழக்கமில்லாதவர் மருந்துபோல் காபி குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை. பழக்கமுள்ளவர் பயந்து நிறுத்தவும் வேண்டியதில்லை. சர்க்கரையை மட்டும் கவனித்தால் போதும்.

செர்ரிப் பழத்துக்கு இணையத்தில் பெரிய புகழ். 633 கௌட் நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், செர்ரி சாப்பிட்ட இரண்டு நாள் இடைவெளியில் வலி வருவது 35 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான், ஆனால் அது கவனித்துச் சொன்ன தொடர்பு, மருந்துபோல் சோதித்து நிறுவியது அல்ல. வைட்டமின் சியும் இப்படித்தான். ஆரோக்கியமானவர்களிடம் நாளுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தபோது யூரிக் அமிலம் அரைப் புள்ளி (டெசிலிட்டருக்கு அரை மில்லிகிராம்) இறங்கியது; கௌட் நோயாளிகளிடம் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. ஆப்பிள் சிடர் வினிகரைப் பற்றிச் சொல்ல இந்த அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை.

எடை, பட்டினி, நீர்

உடல் பருமன் கூடும்போது இன்சுலின் அளவும் கூடுகிறது. கூடிய இன்சுலின், சிறுநீரகத்திடம் யூரிக் அமிலத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. முன்னே சொன்ன ‘கையைக் கட்டிப்போடுவது’ என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. எடையைக் குறைப்பது இந்தக் கட்டை அவிழ்ப்பதாகும். உணவுக் கட்டுப்பாடு எதுவும் தராத பலனை, கூடுதல் எடை உள்ளவருக்கு எடைக் குறைப்பு தரும்.

ஆனால் அவசரம் கூடாது. ஒரே மாதத்தில் பத்துக் கிலோ இறக்குகிறேன் என்று பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். சிறுநீரகத்தின் வாசலில் கீட்டோன்களும் யூரிக் அமிலமும் முட்டிமோதும். பின்தங்குவது யூரிக் அமிலம். பட்டினி கிடந்தவருக்கு யூரிக் அமிலம் ஏறி, கௌட்டே வந்துவிடுவது இப்படித்தான். மாதத்துக்கு இரண்டு, மூன்று கிலோ என்று மெல்ல இறங்குவது பாதுகாப்பு.

உடற்பயிற்சியிலும் இதே நிதானம் வேண்டும். மூச்சு வாங்கும் கடும் பயிற்சி தற்காலிகமாக லாக்டேட்டையும் யூரிக் அமிலத்தையும் ஏற்றும். தினமும் வேகமாக நடப்பது, சைக்கிள் மிதிப்பது, நீந்துவது போதும். வலி வந்திருக்கும் நாளில் எதுவும் வேண்டாம், மூட்டுக்கு ஓய்வு.

நீர் குடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். சிறுநீரகத்தில் யூரிக் அமிலக் கல் வந்தவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். சிறுநீரில் அமிலத்தன்மை மிகும்போதுதான் அந்தக் கல் உருவாகிறது. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தூக்கக் கோளாறுக்கும் கௌட்டுக்கும் தொடர்பு உண்டு.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரப்படும், சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகள், குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கான பைரசினமைடு ஆகியவை யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியவை. இதைப் படித்துவிட்டு அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில வேளைகளில் முடியும். லோசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கவே செய்கிறது.

எவ்வளவுதான் இறங்கும்?

உணவை மட்டும் மாற்றினால் பொதுவாக ஒரு புள்ளி அளவுக்கு இறங்கலாம். உயர் ரத்த அழுத்தத்துக்காக வகுக்கப்பட்ட டாஷ் உணவுமுறையை, அதாவது காய்கறி, பழம், முழுத்தானியம், கொழுப்புக் குறைந்த பால், குறைந்த இறைச்சி, குறைந்த இனிப்பு என்ற உணவை, சோதித்துப் பார்த்தபோது 7க்கு மேல் இருந்தவர்களுக்குச் சுமார் 1.3 புள்ளி இறங்கியது. 7.4இல் இருப்பவருக்கு இது பெரிய வெற்றி. 9.5இல் இருப்பவரை இது மட்டும் 6க்குக் கொண்டுவராது. அதற்குக் காரணம் அவருடைய நாக்கு அல்ல. சிறுநீரகம் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைப் பெரிதும் மரபணுக்களே முடிவு செய்கின்றன. ‘அரசர்களின் நோய்’ என்ற பழைய பட்டப்பெயர், கௌட் வந்தவர்களெல்லாம் தின்று கொழுத்தவர்கள் என்ற அவப்பெயரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

ஆண்டுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வருகிறவர்கள், தோலுக்கடியில் யூரேட் கட்டிகள் உள்ளவர்கள், மூட்டு சேதமடைந்தவர்கள் ஆகியோருக்கு மருந்து தேவை. யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைக்கும் ‘அலோப்யூரினால்’ என்ற மாத்திரை 1960களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அதை உருவாக்கிய குழுவின் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். மருந்து எடுப்பவர்களுக்கு இலக்கு 6க்குக் கீழே. கட்டிகள் உள்ளவர்களுக்குப் பல வேளைகளில் 5க்குக் கீழே. இயற்கை வழியில் இறங்குகிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி வலியோடு வருபவர்கள் ஏராளம். இயற்கை என்ற சொல்லுக்காகச் சொல்கிறேன்: வலிக்குத் தரப்படும் கோல்சிசின் ஒரு செடியிலிருந்து வருவதுதான், அளவு மீறினால் உயிரையே பறிக்கும்.

இன்னொன்றைத் தெரிந்துகொண்டால் வீண் கலக்கம் இருக்காது. யூரிக் அமிலம் இறங்கத் தொடங்கும் முதல் சில மாதங்களில் வலி கூடுதலாக வரலாம். பழைய படிகங்கள் கரைந்து கலைவதால் வருவது அது. மருத்துவர்கள் அந்தக் காலத்துக்கு வலி வராமல் தடுக்கும் மருந்தையும் சேர்த்தே தருவது வழக்கம். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் மட்டும் கௌட் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்றும் இதே முகத்தோடுதான் வரும். அதற்கு அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

பழக்கங்களை மாற்றிய பின் மறுபரிசோதனையை மூன்று மாதம் கழித்துச் செய்யலாம். வலி வந்திருக்கும் நாளில் எடுத்தால் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும். வலி தணிந்து இரண்டு வாரமாவது போகட்டும். முந்தைய நாள் பட்டினி, கடும் உடற்பயிற்சி, மது மூன்றும் வேண்டாம். முடிந்தவரை அதே பரிசோதனைக் கூடத்தில், அதே நேரத்தில் எடுங்கள். 7.8 என்பது 7.6 ஆனால் அது இறக்கமும் அல்ல, 8.0 ஆனால் ஏற்றமும் அல்ல. அந்த அளவு ஆட்டம் நாளுக்கு நாள் இருக்கத்தான் செய்யும்.